மூன்று கால் ஆடு

இரணியல் பக்கம் எங்கள் சபையில் ரசலையன் அடிக்குரலில் பாடினால், ஸ்டேஷனில் ரயில் வந்துவிட்டதென்று ஆட்கள் பெட்டியைத் தூக்குவார்கள். கூட்டிச் சொல்லவில்லை. நானே ஒருதரம் தூக்கியிருக்கிறேன்.

பாடகர் குழுவை நடத்துகிறவள் அவர் மனைவி லீலாபாய். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின நாள் ஒத்திகையில் அவள் கீபோர்டை நிறுத்தினாள்.

“இஞ்ச பாருங்க, பாட்டுன்னா பலி. பலிபீடத்துல ஊனமில்லாத ஆட்டத்தான் வைக்கணும். உங்க குரலு மூணு கால் ஆடு.”

“தொண்டை அவரு தந்ததுட்டி. தந்தவருக்கே திருப்பிக் குடுக்கேன். ஒனக்கென்ன?”

“அவருக்குக் குடுங்க. மைக்குக்குக் குடுக்காதீங்க.”

போதகர் யேசுதாசன் நடுவில் புகுந்தார். “ஆண்டவரு உள்ளத்தக் கேக்கிறவரு. நாளைக்கு நீரு வாயை மட்டும் அசைச்சாப் போதும்.”

ரசலையனுக்கு முகம் தொங்கிவிட்டது. வாரம் முழுக்க வாழைத்தோப்பில் நிற்கிற மனுஷனுக்கு அந்தப் பாடகர் வரிசைதான் சொத்து. அங்கே ஊமையாய் நிற்பதைவிட வீட்டில் படுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் வந்தார்.

பண்டிகை வழக்கப்படி முதல் விளைச்சலைப் பலிபீடத்தின் முன்னே வைத்திருந்தார்கள்: செவ்வாழைக்குலை, சக்கை என்கிற பலாப்பழம், கொய்யா. ஆராதனை முடிந்ததும் ஏலம். பாட்டு தேனாய் ஒழுகியது. ரசலையன் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்.

இத்தனை வருடமும் அவருக்குப் பயந்து மணிக்கூண்டை விட்டு இறங்காத வவ்வால்கள், இன்று சத்தத்தைக் காணோமே என்று யோசித்திருக்க வேண்டும். இரண்டாம் சரணத்தில் கூட்டமாய் இறங்கின. மூன்றாம் சரணத்தில் குலையில் தண்டுதான் மிச்சம். ஒன்று போதகரின் அங்கியில் தொங்கிக்கொண்டு கொய்யா தின்றது. நிதானமாக, ஆராதனைக்குரிய மரியாதையோடு.

போதகர் உதடு மட்டும் அசையப் பேசினார். “வேதத்துல, சுரமண்டலச் சத்தம் கேட்டுத்தான ராஜாவப் பிடிச்ச பொல்லாத ஆவி ஓடிச்சு. ரசலையா, பாடும் வோய்.”

ரசலையன் மனைவியைப் பார்த்தார். “மூணு கால் ஆடுல்லா?”

“நாலுன்னு வச்சுக்கிடுங்க. பாடித் தொலைங்க.”

பாடினார். ஜன்னல் வழியே கறுப்புப் புகையாய் வவ்வால்கள் வெளியேறின. திருவட்டாறு வரைக்கும் போனதாகத் தகவல். அடுத்த வாரமே அங்குள்ள சபையிலிருந்து, ரசலையனை ஒரு நாளைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு ஆள் வந்தது.

“எங்க குழுவுக்கே அடிக்குரல் காணாது,” என்று லீலாபாய் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு வவ்வால் மட்டும் போகவில்லை. ஞாயிறுதோறும் பாடகர் வரிசைக்கு நேர் மேலே தொங்குகிறது. பாட்டின் அருமை தெரிந்த வவ்வால் என்கிறார் ரசலையன். காது கேளாதது என்கிறாள் லீலாபாய்.