சாத்தியதும் பூட்டியதும்

நகராட்சி விசாரணைக் குழு கூடிய அன்று மாடி அறையில் இருந்தவர்கள்: குழுத் தலைவி, எதற்கெடுத்தாலும் தேதியைத் தள்ளச் சொல்வதால் ‘ஒத்திவைப்பு’ என்று பெயர் வாங்கிய உறுப்பினர், குறிப்பெடுக்கும் எழுத்தர், பூங்காக் குளத்தில் மூழ்கி இறந்த சிறுமியின் அம்மா, பூங்காக் காவலாளியான என் தம்பி, அவனுக்கு அண்ணனான நான். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி உண்டு. இருட்டுவதற்குள் அதன் கேட்டைப் பூட்டுவது தம்பியின் வேலை. சிறுமி எப்படி உள்ளே போனாள் என்பதுதான் விசாரணை. “கேட்டைச் சாத்திட்டேன்” என்பதைத் தவிர அவன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“சாத்துனீங்களா, பூட்டுனீங்களா? ரெண்டும் வேற இல்லையா?” என்றார் தலைவி.

தம்பியை முந்திக்கொண்டு நான் எழுந்தேன்.

“எங்க வீட்ல சாத்துறதுன்னா பூட்டுறதுதாம்மா. அப்பா காலத்துலேர்ந்து அதுதான் பேச்சு. ‘கதவைச் சாத்தியாச்சா’ன்னு கேட்டா, சாவியை எடுத்துக் காட்டணும்.”

நான் சொன்னதில் பொய் இல்லை.

“அகராதி பார்க்கணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாமே” என்றார் ஒத்திவைப்பு. யாரும் சிரிக்கவில்லை.

“சரி, பூட்டினார்னே எழுதிக்குங்க” என்றார் தலைவி. குடும்பத்தின் பெயர் கரையேறிவிட்டது என்று நான் உட்கார்ந்தேன். தம்பி எழுந்தான்.

“அண்ணன் சொல்றது வீட்டுப் பேச்சுங்க. அன்னைக்கு நான் வெறுமனே சாத்துனேன். பூட்டலை.”

“ஏன்?”

சிறுமியின் அம்மாதான் பதில் சொன்னாள்.

“நான்தாங்க கேட்டுக்கிட்டேன். சலவைக்கூடத்துல வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர அந்தக் குளக்கரைதான் குறுக்கு வழி. சுத்தி வந்தா பிள்ளை ரொம்ப நேரம் தனியா இருக்கும், நான் வர்ற வரைக்கும் பூட்டாதீங்கண்ணேன்னு... அவ என்னைத் தேடிக்கிட்டு அதே வழியில...”

எழுத்தர் பேனாவை எடுத்தார்.

“அதை எழுதாதீங்க. பூட்ட மறந்துட்டேன்னு எழுதுங்க” என்றான் தம்பி.

“நம்ம குடும்பத்துல பொய் சொல்ற வழக்கம் எப்படா வந்துச்சு?” என்றேன்.

“பிள்ளையையும் பறிகொடுத்துட்டு, பேரையும் கெடுத்துக்கிட்டுப் போகணுமாண்ணே அவங்க?”

தலைவி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். ‘காவலாளியின் மறதி’ என்று அறிக்கை வந்தது. தம்பிக்கு வேலை போயிற்று. இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் எங்கள் வாசல் கதவைப் பூட்டுகிறான். சற்று நேரத்தில் எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறான். மறுபடியும் போய் இழுத்துப் பார்க்கிறான்.

போன வாரம் சிறுமியின் அம்மா என்னைத் தேடி வந்தாள். “உங்க தம்பி என்னைப் பேச விடமாட்டேங்கிறார். நீங்களாவது நடந்ததைச் சொல்லுங்கய்யா” என்றாள். அவள் கேட்டதால் சொல்கிறேன்.

குடித்துவிட்டுப் பூட்ட மறந்தான் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். அவன் குடித்திருக்கவில்லை. மறக்கவும் இல்லை.