சுகுமார் ஓடும் காட்சி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. விழுப்புரத்தில் ஒரு தியேட்டர், பகல் காட்சி. படம் ‘பதினேழு நாள்’. கொலை செய்துவிட்டுத் தலைமறைவான லாரி டிரைவர் சுகுமாரை, ஒன்பது வருடங்களுக்கு முன் போலீஸ் பதினேழு நாள் தேடிய கதை. உண்மைச் சம்பவம் என்று முதலிலேயே எழுத்துப் போட்டார்கள். கடைசியில் மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் அவன் ஓடுகிறான். முதுகில் குண்டு. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் சாதாரணக் குரலில் சொன்னார்:

“அவரு ஓடல.”

அவர் துர்கா. சுகுமாரின் மனைவி. திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறார்.

2

துர்கா சொன்னதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நிரபராதியான சுகுமார் அன்று...’

துர்கா படித்துவிட்டு என் பேனாவை வாங்கி, முதல் சொல்லை அடித்தார். “கொலைய அவர்தான் செஞ்சாரு. அத மாத்தாதீங்க. ஓடினாருன்றதுதான் பொய்யி.”

நடந்தது இது. சரணடைந்தால் சுடமாட்டோம் என்று ஒரு போலீஸ் அதிகாரி துர்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பதினேழாம் நாள் காலை யாருடைய போனிலிருந்தோ சுகுமார் கூப்பிட்டார்.

“கைய தூக்கிக்கினு ரோட்டுக்கு வந்துடுங்க. நானும் போலீஸ் ஜீப்புல வர்றேன்” என்றார் துர்கா.

சுகுமார் வந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஜீப்பிலிருந்த மனைவியைப் பார்த்தபடியே நடந்து வந்தார். சுட்டார்கள். ‘தப்பி ஓடியபோது’ என்று கோப்பில் எழுதினார்கள். கோப்பை நம்பிப் படமெடுத்தார்கள்.

(இந்த இடத்தில் துர்காவின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒன்பது வருடம் ஏன் வாய் திறக்கவில்லை? கேட்டேன். “வரச் சொன்னது நான்னு மாமியாருக்குத் தெரியாது” என்றார்.)

3

படம் டில்லியில் விருதுக்குழுவின் கடைசிச் சுற்றுக்குப் போனது. விருது நிச்சயம் என்று பத்திரிகைகள் எழுதின. இயக்குநர் ராஜசேகர் துர்காவுக்குப் போன் செய்தார்.

“ஒரு பேட்டி குடுங்கம்மா. நடந்தத அப்படியே எடுத்திருக்காங்கன்னு நீங்க சொன்னா போதும். நடுவருங்க மனசுல நிக்கும்.”

“கடைசி சீன மாத்துங்க சார். சொல்றேன்.”

“அந்த சீனாலதாம்மா படம் இவ்ளோ தூரம் வந்திருக்கு.”

“அதான் சார் மாத்தச் சொல்றேன்.”

(ராஜசேகரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவருக்கு உண்மை தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.)

விருதுக்குழுவுக்கே கடிதம் எழுதுவது என்று துர்கா முடிவு செய்தார். ஆனால் அது வெளியே தெரிவதற்கு முன் வீட்டில் சொல்லியாக வேண்டும்.

4

குப்பம்மாள் மருமகளின் கன்னத்தில்... இல்லை.

குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டு... அதுவும் இல்லை.

மாமியார் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். துர்கா சொல்லி முடித்தபோது அவர் கை நின்றிருந்தது.

“நீ கூப்ட்டதாலதான் வந்தானா?”

“ஆமாத்தே.”

“பயந்து ஓடினான்னு நெனச்சிக்கினு இருந்தேன், இத்தினி வருசமா. ஏன் அன்னைக்கே சொல்லல?”

அன்று முழுக்க குப்பம்மாள் மருமகள் போட்ட சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலை தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

“கடுதாசில என் கைநாட்டும் வெக்கணும். அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத.”

5

கடிதம் இவ்வளவுதான்: ‘ஐயா, என் கணவர் கொலை செய்தவர். அதைப் படத்தில் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் ஓடவில்லை. நான் கூப்பிட்டேன், நடந்து வந்தார். நேரில் பார்த்தவள் நான்.’ கீழே துர்காவின் கையெழுத்தும் ஒரு நீலக் கட்டைவிரல் ரேகையும்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விருது கிடைக்கிறது. ஒன்றில் கிடைக்கவில்லை. இன்னொன்றில் ராஜசேகரே மேடையில் அந்தக் கடிதத்தை... (வேண்டாம்.) மூன்றிலும் துர்கா டிவி முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார். படித்துக் காட்டினேன்.

“குடுக்கட்டும், குடுக்காம போகட்டும். நான் எங்க உக்காந்துக்கினு இருக்கேன்? வக்கீல பாத்துட்டேன். இன்னைக்கு விழுப்புரம் கோர்ட்டுல மனு போடறோம். அந்தக் கோப்புல இருக்கற வார்த்தைய மாத்தணும்.”

விருது யாருக்கு என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். துர்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நீங்க எழுதி முடிங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”