தலை தட்டாத மரக்கால்

செங்கல்பட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குள் நெல் மூட்டையைக் கொண்டுவரச் சொன்ன வக்கீல் மேரிக்கு முன்னால் யாரும் இல்லை. டவாலிச் சேவகர் வாசலிலேயே மறித்தார். அவள் மாஜிஸ்திரேட்டின் உத்தரவை நீட்டியதும் வழிவிட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். ஏழு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய சுளிப்பு அது. பொம்பளை வக்கீல், அதிலும் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேரிக்காரி, வாய்தா வாங்கத்தான் லாயக்கு என்று பார் ரூமில் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்கள்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவன் சுப்பிரமணி, ஊர் விதைக் கிடங்கின் கிளார்க். இரண்டு வருஷத்தில் கிடங்குக்கு வந்த விதைநெல் நூற்றெட்டு மூட்டை. விவசாயிகளுக்குக் கொடுத்ததாக நோட்டில் இருந்தது தொண்ணூற்றொன்பது. கிடங்கோ காலி. ஒன்பது மூட்டையை விற்றுத் தின்றுவிட்டான் என்பது வழக்கு. நிரூபணமானால் ஜெயில். "ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும்" என்று இரண்டு பெரிய வக்கீல்கள் கைகழுவிய பிறகுதான் அவனுடைய அப்பா வேதாசலம் மகனைக் கூட்டிக்கொண்டு மேரியிடம் வந்தார். அவருடைய நிலத்தில்தான் மேரியின் அப்பா பெருமாள் முப்பது வருஷம் படியாளாக இருந்தார். நாற்காலி போட்டும் வேதாசலம் உட்காரவில்லை. மேரியை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல் சுப்பிரமணி இரண்டையும் விழுங்கிவிட்டுப் பேசினான்.

"நெல்லு எங்க போச்சின்னு எனக்கே தெர்ல. ஒரு மணி தொடல."

"அளந்தது யாரு?"

"பெருமாளுதான்."

"தலை தட்டுனாரா?"

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னா கேள்வி இது? வெத நெல்லுக்கு எவனாவது தலை தட்டுவானா?"

மற்ற நெல்லையெல்லாம் மரக்காலின் விளிம்போடு குச்சியால் வழித்து அளப்பார்கள். அதுதான் தலை தட்டுவது. விதைநெல்லுக்கு மட்டும் குச்சியைத் தொடமாட்டார்கள். மண்ணுக்குப் போகிறதை வழித்தால் விளைச்சல் போய்விடும் என்று பயம். குவித்துத்தான் கொடுப்பார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், அதனாலேயே ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சுப்பிரமணி பாட்டுக்கு மரக்காலை எண்ணி எழுதினான். ஆடிட் இன்ஸ்பெக்டர் பாட்டுக்கு இருபத்துநாலு மரக்கால் ஒரு மூட்டை என்று கணக்குப் போட்டார். மேலே குவிந்திருந்த நெல்லை எழுத நோட்டில் கட்டமே இல்லை.

கேஸ் அந்த நிமிஷமே மேரிக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் அதைக் கோர்ட்டில் காட்ட வேண்டுமென்றால் பெருமாள் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும். பெற்ற அப்பனுக்கே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தாள் என்பார்கள். தோற்றால் சுப்பிரமணி உள்ளே போவான், அவளுக்கோ வாய்தா கேஸ்கூட வராது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாமே?" என்றார் பெருமாள்.

"வேணாம் நைனா. அளந்து காட்டு, போதும்."

"அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு நாளு யோசிச்ச?"

இப்போது அவர் கூண்டில் சத்தியம் செய்து முடித்ததும் சர்க்கார் வக்கீல் எழுந்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்தச் சாட்சி என்ன உறவு என்பதை அவரே சொல்லட்டும் என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்னைப் பெத்தவர், யுவர் ஆனர்," என்றாள் மேரி. "எங்க சுத்துவட்டாரத்துல இவர் அளந்த நெல்லுக்கு மறு அளவு கேட்டவங்க கிடையாது. இந்த மூட்டை, நேத்து ஆடிட் இன்ஸ்பெக்டரே தலை தட்டி இருபத்துநாலு மரக்கால் போட்டு சீல் வச்சது. இவர் அளக்கட்டும். கோர்ட் கிளார்க்கே எண்ணட்டும்."

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். பெருமாள் இறங்கி வந்து பாயில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். மரக்காலைச் சாய்த்து, இடது முழங்கையால் அணை கட்டி, வலது கையால் அள்ளி மேலே இரண்டு கை போட்டார். ஒரு மணி வெளியே சிந்தவில்லை.

"லாபம்," என்றார்.

கிளார்க் பேனாவை நிறுத்தினார். "ஒண்ணுன்னு சொல்லுய்யா."

"லாபம்னா ஒண்ணுதான், எழுதும்," என்றார் மாஜிஸ்திரேட்.

அதற்கப்புறம் கோர்ட்டில் பெருமாளின் குரல் மட்டும்தான். சின்ன வயதில் களத்து மேட்டில் கேட்ட அதே குரல். எட்டாவது மரக்காலில் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார். மேரிக்குச் சட்டப் புத்தகம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அப்பாவின் கையைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை.

"இருவத்திரெண்டு," என்று பெருமாள் பாயைத் தட்டிக் காட்டினார். மிச்சம் இல்லை.

மாஜிஸ்திரேட் ஒரு காகிதத்தில் பெருக்கினார், வகுத்தார். மூட்டைக்கு இரண்டு மரக்கால், நூற்றெட்டு மூட்டைக்கு இருநூற்றுப் பதினாறு மரக்கால், அதாவது ஒன்பது மூட்டை. அதன் கீழே கோடு போட்டார். சர்க்கார் வக்கீல் குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். தீர்ப்பு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கூட்டம் கலைந்தது. மேரி கவுனை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவோடு குந்தி நெல்லை வாரினாள். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். வேதாசலம். குனிந்து, காலிச் சாக்கை எடுத்து, அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

பெருமாள் மரக்காலோடு அப்படியே நின்றுவிட்டார். ஆண்டை சாக்கு பிடிக்க அவர் நெல் கொட்டியதே இல்லை.

"கொட்டு நைனா," என்றாள் மேரி.

அவர் கொட்டினார். தூசி கிளம்பி வேதாசலத்தின் மூக்கிலும் சலவைச் சட்டையிலும் அப்பியது. அவர் முகத்தைத் திருப்பி இருமினார், சாக்கை விடவில்லை.