கோணல் தாடை

தாடையைக் கட்டிய மூன்றாவது துணியும் நழுவியது. ரொட்டிக்கடைக்காரரின் வாய் மறுபடி இடப்பக்கமாகச் சரிந்து திறந்துகொண்டது.

மருமகன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். "உடம்பு விறைக்கறதுக்குள்ள கட்டணும் அத்தை. இப்படியே விட்டா பார்க்க வர்றவங்க பயந்துருவாங்க."

அவள் குனிந்து நழுவிய துணியை எடுத்தாள். கணவரின் அந்த வாயைத் துடைத்துத் துடைத்தே அவளுக்கு வயதாகியிருந்தது. பல வருஷம் முன்னால் கடை மூடும் நேரத்தில் கல்லாவை அள்ள வந்தவன், தடுத்தவரை இரும்புக் கம்பியால் அடித்தான். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த அவள் எலும்பு நொறுங்கும் சத்தத்தைக் கேட்டாள். அவர் பிழைத்தார். தாடை கோணலாகவே ஒட்டியது. கஞ்சி ஊற்றினால் பாதி உள்ளே, பாதி சட்டையில்.

அடித்தவன் ஜெயிலிலிருந்து வந்து ஒருநாள் வாசலில் நின்று அழுதான். இவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்புறம் அடிக்கடி வர ஆரம்பித்தான். அவன் சாப்பிட்ட தட்டை அவள் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, மனசு ஆறாமல் குப்பையில் போட்டாள்.

"மன்னிக்கிறது உங்களுக்கு லேசு. எச்சில் துடைக்கிறவ நான்ல?"

"அவனத் திட்டிக்கிட்டே முழுங்க முடியலடி," என்றார். "ஏற்கனவே தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது."

ஊரே அவரை மகான் என்றது. மகானின் சட்டையை யார் துவைப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"அம்மா," மகள் காதருகே கிசுகிசுத்தாள். "அந்த ஆளு வந்திருக்கான். போகச் சொல்லட்டுமா?"

அவன் கதவோரம் நின்றான். வியர்வை நாற்றம் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அழுது வீங்கிய முகம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அழுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழேர்ந்து கட்டினா நிக்காதுக்கா," என்றான் மெதுவாக. "இடப்பக்கம் உள்ள தள்ளி, தூக்கிப் பிடிக்கணும். நீங்க கடைக்குப் போயிட்டா அப்படித்தான் அண்ணனுக்குக் கஞ்சி குடுப்பேன்."

சில நாள் அவள் திரும்பும்போது அவர் சட்டை சுத்தமாக இருக்கும். தானே குடித்துவிட்டதாகச் சொல்வார். அவள் அதை நம்பியிருந்தாள்.

"எந்தக் கையால குடுப்ப?"

அவன் வலது கையைப் பார்த்தான். "அதே கைதான்க்கா."

 அவள் வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

"வந்து பிடி."

அவன் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தாடையைத் தாங்கினான். உதடுகள் நேராகச் சேர்ந்தன. அவள் துணியைச் சுற்றும்போது அவன் மூக்கிலிருந்து நீர் திரண்டு, அவர் கன்னத்துக்கு நேர் மேலே தொங்கியது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீ," என்றாள் அவள். சுற்றிய துணியை ஒரு கையில் பிடித்தபடி முந்தானையை இழுத்து அவன் மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

"அசையாத," என்று சொல்லி முடிச்சைப் போட்டாள்.