நூல் இல்லாத ஊசி

எங்கள் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பது அந்தத் தையல் ஷாட்டைப் பற்றித்தான். அதை எடுத்தவள் நான். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கல்யாண வீடியோ எடுத்து முதுகு ஒடிந்தவளுக்கு ஒரு நாள் பெருமை கூடாதா?

டைரக்டர் என் வீட்டுக்காரர். மகன் வேடமும் அவரே. சும்மா நடித்துக் கொடுக்க வேறு யார் வருவார்கள்? அம்மா வேடத்துக்கு என் மாமியார். முப்பது வருடம் தையற்கடையில் மிஷின் மிதித்தவர். "கண்ணாடி வழியா வேடிக்கை பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று என்னை வாரம் ஒருமுறையாவது கேட்பவர். ஒலிப்பதிவுக்கு என் வீட்டுக்காரரின் நண்பர். நாங்கள் வைத்த பெயர் 'காது'.

அன்று எடுக்க வேண்டியது கடைசிக் காட்சி. ஊரை விட்டுப் போகும் மகனின் சட்டையைத் தைத்தபடியே அம்மா விடைகொடுக்கிறாள். அத்தை வேலை பார்த்த அதே கடை. விடுமுறை நாள் என்பதால் முதலாளி சாவி கொடுத்திருந்தார், நாலு மணிக்குத் திருப்பித் தர வேண்டும். மறுநாள் முதல் கடையைப் புதுப்பிக்கிறார்கள். சுவர், ஜன்னல் எல்லாம் மாறிவிடும். இந்த ஷாட் கிடைக்காவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை.

மூன்றே கால் வரை பதினோரு டேக். பதினொன்றும் பாழ். "ஆக்‌ஷன்!" என்று இவர் கத்தியதும் அத்தை பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துவிடுவார். வசனமோ, "நீ போய்விட்டால் எனக்கு யார் துணை, மகனே?"

"அம்மா, கொஞ்சம் உணர்ந்து சொல்லும்மா!"

"இப்படியெல்லாம் எவடா பேசுவா?" என்றார் அத்தை.

பன்னிரண்டாவது டேக்கில் முகத்தை விட்டுவிட்டு அவர் கைக்கு லென்ஸைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு குத்துக்கும் கட்டைவிரல் நூலைத் தேடியது. கிடைக்காமல் நின்றது. கை நின்றதும் முகமும் நின்றுவிட்டது.

"ஊசியில நூல் கோக்கலையா?"

"கோத்தா ஒவ்வொரு டேக்குக்கும் பிரிக்கணுமே. அதான் தைக்கிற மாதிரி சும்மா பண்ணச் சொன்னேன். சட்டை கிழியலைங்கறதும் ஃபிரேம்ல தெரியாது" என்றார் டைரக்டர் மேதாவி.

எனக்கு வந்ததே கோபம்! "முப்பது வருஷம் தைச்ச கையில வெறும் ஊசியைக் குடுத்துட்டு, நடிப்பு வரலை நடிப்பு வரலைன்னா?"

பேச்சோடு பேச்சாக நான் அத்தை மடியிலிருந்த சட்டையை எடுத்து, அதன் பையைப் பிடித்து ஒரே இழுப்பு. டர்ரென்று கிழிந்தது.

"அடிப்பாவி! படம் முழுக்க நான் போட்ட சட்டைடி! இனி ஒரே டேக்தான். சொதப்பினா?"

"சொதப்பாது. நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க."

கேமரா ஓடுவது அத்தைக்குத் தெரியாமலிருக்க, அதன் சிவப்பு விளக்கு மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். க்ளாப்பைக் கடைசியில் அடிக்கும்படி காதுக்கு ஜாடை காட்டினேன். நூல்கண்டை நீட்டி, "அத்தை, நான் வெளிச்சம் பாக்கணும். அதுக்குள்ள இதைச் சரி பண்ணிடுங்களேன்" என்றேன்.

அத்தை நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோத்தார். கை ஓடத் தொடங்கியது. ஜன்னல் வெயில் விரல்களில் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சுப் போட்டு, பல்லால் நூலை அறுத்து, எதிரே பனியனோடு உட்கார்ந்திருந்த மகனிடம் சட்டையை நீட்டினார்.

"போற இடத்துல கிழிஞ்சா தைச்சுக்கத் தெரியுமாடா உனக்கு?"

இவர் எழுதாத வசனம். இவர் சட்டையை வாங்கிக்கொண்டு, "தெரியாதும்மா" என்றார்.

காது கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் அடிக்கும் முறைப்படி க்ளாப்பைத் தலைகீழாகப் பிடித்து அடித்தபோது மணி மூன்று ஐம்பது.

"எடுத்துட்டியா?" என்று அத்தை என்னைக் கேட்டார். "இன்னொரு தடவை கிழிச்சியோ, நீயே தைச்சுக்க."

டேப் ஒட்டியும் கண்டுபிடித்துவிட்டார், பலே ஆள்!

முதல் திரையிடல் அறுபது நாற்காலி போட்ட ஒரு சின்ன அரங்கில். அந்த ஷாட் வந்தது. அத்தை தன் முகத்தைப் பார்க்கவில்லை, தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"நேரா இருக்கு."

"முப்பது வருஷக் கையாச்சே, அத்தை."

"என் தையல் என்னிக்குக் கோணிச்சு? நீ ஆடாம புடிச்சிருக்க, அதைச் சொன்னேன்."

எனக்குக் கண் கலங்கித் திரை மங்கியது. அதற்குள் அவர் முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டிவிட்டார்.

"படம் புடிச்சது யாருன்னு தெரியுமா? என் மருமக."