பாதி மூட்டை லத்தி

மறுநாள் என் மகன் டெல்வினுக்குக் கல்யாணம். மணமக்கள் ஆளுக்கொரு வாயில் குடிக்கும் இரட்டை வாய்க் குடத்தை எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீடுதான் செய்து தரவேண்டும். செய்து, காயவைத்து, கூழாங்கல்லால் ஒரே மூச்சில் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தேன். சுட்டெடுப்பதுதான் பாக்கி.

விடிந்ததும், காற்று கிளம்புமுன் நெருப்பு மூட்டினேன். வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள் சம்பந்தி செவெரா. அவள் வீட்டில் சுடுவதெல்லாம் சிவப்புப் பானை.

"கல்யாணத்துக்குப் போய் கறுப்பா? எங்க சிவப்பு என்ன பாவம் பண்ணிச்சு, சம்பந்தி?"

"நெருப்பைச் சும்மா விட்டா சிவப்பு. மூச்சுத் திணற அமுக்கினாதான் கறுப்பு. உங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது."

நெருப்பு பதத்துக்கு வந்தது. இந்த நேரத்தில் பொடித்த குதிரை லத்தியைக் கொட்டி மூடினால், புகை வெளியேற வழியில்லாமல் பானையைக் கறுப்பாக்கும்.

"ஏய்யா, லத்தியைக் கொண்டா!"

என் வீட்டுக்காரர் எலாய் தூக்கிவந்த மூட்டையில் பாதிதான் இருந்தது.

"மீதி எங்கே?"

"மிளகாய்ச் செடி வாடிக் கெடந்துச்சு. அதுக்குப் போட்டுட்டேன்."

"கல்யாணம் உன் மகனுக்கா, மிளகாய்க்கா?"

செவெரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருந்ததைக் கொட்டினேன். கிழக்குப் பக்கத்தை மூட அது போதவில்லை. புகை அந்த வழியாக ஓடியது. அதைக் கண்டதும் செவெராவின் சிரிப்பு நின்றது. என்னோடு சேர்ந்து பழைய சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டாள். ஆனாலும் தாமதமாகிவிட்டது.

ஆறியதும் எடுத்துத் துடைத்தேன். ஒரு வாய் மைக்கறுப்பு. மற்றது நல்ல செக்கச்செவேல். இன்னொரு குடம் செய்தால் நாளைக்குள் காயக்கூடச் செய்யாது. எனக்கு அழுகை முட்டியது.

செவெரா குடத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கறுப்புல உங்க பையன் குடிக்கட்டும். சிவப்பு என் பொண்ணு பக்கம். யாராவது கேட்டா, நாம ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சோம்னு சொல்லுங்க."

"பொய்யா?"

"சாம்பல் அள்ளினது யாரு? பாதி என்னுதுதான்."

கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் குடித்த பிறகு, குடத்தைப் பார்க்க ஒரே கூட்டம். இதேபோல் தங்களுக்கும் வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

"இந்த ரெண்டு நிறம் எப்படி வந்துச்சு?" என்றார் ஒருவர்.

எலாய் நெஞ்சை நிமிர்த்தினார். "அதெல்லாம் லத்தியோட அளவுல இருக்குங்க. அந்தப் பக்குவம் எனக்குத்தான் தெரியும்."

நானும் செவெராவும் ஆளுக்கொரு பக்கமாக அவர் காலை மிதித்தோம்.