ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்

…அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், அசைவது என் தலை, அதற்கு நான் என்ன செய்ய முடியும், இதை இவளுக்கு எத்தனை தரம் சொல்வது. கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது, பிறகு கழுத்தும் கூடச் சேர்ந்துகொண்டது, அதிலிருந்து தினமும் காலையில் ஜன்னலோரம் இந்த நாற்காலியைப் போட்டு, துண்டைக் கழுத்தில் சுற்றி, என் மனைவியே எனக்குச் சவரம் செய்துவிடுகிறாள். நாற்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளத் தனி தைரியம் வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்… இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் தம்பியின் பெயர் வெட்டிய கல்லைத் திறக்கிறார்கள், விமானப்படையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அண்ணன் முறைக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த தாள் அதோ சட்டைப் பையில் இருக்கிறது. எதிரியுடன் வீரமாகப் போரிட்டு… அதைப் படிக்கப் போவதில்லை. அவனை எந்த எதிரியும் சுடவில்லை, நான்தான் கொன்றேன் என்று மைக்கைப் பிடித்துச் சொல்லப் போகிறேன். நேற்றுக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் விழும் சத்தத்தில் நன்றாகத்தான் வந்தது.

"உதட்டை உள்ள இழுங்க," என்கிறாள். இழுத்துக்கொள்கிறேன். கல்லில் அவன் முழுப்பெயரை வெட்டியிருக்கிறார்கள், அந்தப் பெயரில் அவனை யார் கூப்பிட்டார்கள், ஊருக்கு அவன் நெட்டையன், பதினைந்து வயதிலேயே வாசல் நிலையில் தலை இடிக்கும், சித்திக்கு ஒரே பிள்ளை. இவள் எங்கள் மாமா மகள், என்னைப் பெரியத்தான், அவனைச் சின்னத்தான் என்று கூப்பிடுவாள், பெரியத்தான் என்னும்போது ஒரு குரல், சின்னத்தான் என்னும்போது ஒரு குரல், காது இருக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும், எனக்குக் காது இருந்தது. நானூறு வீடு இருக்கிற ஊரில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது ரகசியமா? அவனை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், தூக்கி வளர்த்தவன் நான், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்… பிடித்தவர்களைத்தானே நம்மால் இவ்வளவு ஒழுங்காக வெறுக்க முடிகிறது.

அவனுக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் தெரியாது, இரண்டும் அவனுக்கு ஒரே மண் நிறம். மரமேறிக் காயைப் பறித்துக்கொண்டு வந்து பழம் என்பான், சித்தி முதுகில் இரண்டு வைப்பாள், திமிரில் செய்கிறான் என்று நினைத்தாள் பாவம். விஷயம் எனக்கு மட்டும்தான் புரிந்தது, அதுவும் போர் வந்து, ஆள் எடுக்கிற மருத்துவக் குழுவில் கண் அறைக்கு உதவியாளாக வேலை கிடைத்த பிறகு. நிறம் பார்க்கும் புத்தகம் என் பொறுப்பு, வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்று கறுப்புத் துணிப்பையில் வைத்திருப்போம், பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வண்ணப் பொட்டுகள், பொட்டுகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும், நல்ல கண்ணுக்கு எடுத்த எடுப்பில் தெரியும், அவனுக்கு முதல் பக்கத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகத்தான் காட்டினேன். அவன் புத்தகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே புள்ளியா இருக்குண்ணே, ஏமாத்துற," என்றான், அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அவனே வந்து நின்றான், விமானப்படையில் விமானம் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாமே, அண்ணே நீ நெனச்சா முடியும். நினைத்தேனே… டாக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர், புத்தகத்தைக் கலைத்துப் போட்டு நடுவிலிருந்து கேட்க வேண்டும் என்பது விதி, அவர் ஒருநாளும் கேட்டதில்லை, முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாகத் தள்ளிக்கொண்டே போவார், பதினாறு பக்கம், பதினாறு எண். பன்னிரண்டு, எட்டு, ஐந்து, இருபத்தொன்பது, எழுபத்து நான்கு… வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தேன், சைக்கிள் துடைக்கும்போது, வரப்பில் நடக்கும்போது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால். வெறுமனே ஒப்பித்தால் மாட்டிக்கொள்வான் என்று ஆறாவதில் கொஞ்சம் கண்ணைச் சுருக்கு, பதினொன்றில் மூன்று என்று சொல்லிவிட்டு இல்லை சார் எட்டு என்று திருத்து, என்றெல்லாம் நடிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். இதைப் பாசம் என்றா சொல்லப் போகிறாய், கிழவா, மேடையில்? பாசம்தான், ஆமாம், ஓரமாக இன்னொன்றும் இருந்தது, இவன் ஊரில் இல்லாவிட்டால் இவள் அந்தக் குரலை யாரிடம் காட்டுவாள் என்று… சாகட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை, இங்கே இல்லாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் தூரம் அதிகம் என்று அப்போது நம்பினேன்.

"வலிக்குதா?" என்கிறாள், இல்லை என்று தலையாட்டப் போய், அசையாதீங்க என்று அதற்கும் ஒரு திட்டு வாங்குகிறேன். கத்தி தாடை ஓரம் இறங்குகிறது. அன்றைக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் டாக்டர் பக்கத்தில் நிற்கிறேன், எதிரே ஸ்டூலில் நெட்டையன், முழங்கால் இரண்டும் காதுவரை வந்து நிற்கிறது, ஒன்பது பக்கம் நூல் பிடித்த மாதிரி போகிறது, பத்தாவதில் டாக்டர் தும்மினார், தும்மியபடியே தள்ளினார், இரண்டு பக்கம் ஒன்றாகப் புரண்டுவிட்டது. இவன் பார்வையைக்கூடத் தாழ்த்தாமல், தாண்டிப்போன பக்கத்தின் எண்ணைக் கம்பீரமாகச் சொன்னான். டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொன்ன?" என்றார். ஒரு நொடி. அந்த ஒரு நொடிதான் கேள்வி, மற்றதெல்லாம் சும்மா. வாயை மூடிக்கொண்டு நான் நின்றிருந்தால் போதும், அவன் வீட்டுக்குப் போயிருப்பான், ஒரு வாரம் அழுதிருப்பான், இவளைக் கட்டிக்கொண்டு தொப்பை போட்டு, இன்றைக்கு எனக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். நான் குனிந்து, "ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு சார்," என்று பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்தேன். டாக்டர் பார்த்தார், எண் சரியாக இருந்தது, தலையாட்டினார். வெளியே வந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்து, "தேங்க்ஸ்ணே," என்றான், அவ்வளவுதான் சொன்னான், பயம் என்று ஒரு வார்த்தை இல்லை.

பயிற்சி முடிந்து எட்டே மாதம். ஊருக்கு வந்த தந்தியில் கடமையில் உயிர் நீத்தார் என்றிருந்தது, ஊர் அதை எதிரி சுட்டதாகப் படித்துக்கொண்டது, சித்தி மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். நடந்தது எனக்குத் தெரிய வந்தது எத்தனையோ வருஷம் கழித்து, நான் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்த பிறகு, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த ஓர் ஆள் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தான், வாய் ஓயாத ஆள், தானாகச் சொன்னான். ரேடியோ செத்துப்போய்த் திரும்பி வந்த ஒரு விமானம், தரையில் இன்னொன்று சக்கரம் உடைந்து குறுக்கே கிடக்கிறது, ஆட்கள் அதை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், இறங்காதே என்று துப்பாக்கியில் சிவப்பு வெளிச்சக் குண்டை வானத்தில் சுட்டார்களாம். "மூணு தடவ சுட்டோம் சார், பச்சைய பாத்த மாதிரி நேரா எறங்குறான், அந்த நெட்டப் பய. இழுத்துட்டிருந்தவங்கள்ல மூணு பேரும் காலி. கண்ணு தெரியாதவனையெல்லாம் எவன் சேத்தானோ!" என்று சொல்லிச் சிரித்தான். மூக்குத் தண்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து, உறையில் போட்டு, மறுபடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கல்லில் அந்த மூன்று பேர் பெயர் இல்லை, அவர்கள் ஊரில் அவர்களுக்கு யார் கல் வைத்தார்களோ.

இப்போது கத்தி தொண்டையில் இருக்கிறது, இந்த இடத்தில் இவள் எப்போதும் மெதுவாகத்தான் போவாள், மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறேன், அப்போது, சாமான் வாங்கி வரச் சொல்கிற குரலில், "அவரு கண்ணப் பத்திதான பேசப் போறீங்க?" என்கிறாள். கண்ணைத் திறக்கிறேன். "நேத்து குளிக்கறப்ப சொல்லிப் பாத்தீங்களே, தெருவுக்கே கேட்டுச்சு." கத்தி மேலே போகிறது, நுரையைத் துண்டில் துடைக்கிறாள், மறுபடி வைக்கிறாள். "எனக்கு அப்பவே தெரியும். கெளம்பறதுக்கு மொத நாள் வந்து சொன்னாரு. அண்ணன் மனப்பாடம் பண்ண வெச்சு சேத்து விட்டுட்டாரு, எனக்கு பயமா இருக்கு, நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, போகலன்னாரு."

கத்தி எடுபட்டதும், "நீ என்ன சொன்ன?" என்கிறேன்.

"போயிட்டு வாங்கன்னேன்." கத்தியைத் தண்ணீரில் ஆட்டுகிறாள், சோப்பு நுரை வட்டமாகப் பிரிகிறது. "பயந்துகிட்டு ஓடி வந்தவனக் கட்டிக்கிட்டாளாம்னு நாலு பேரு சொல்லுவாங்களேன்னு இருந்துச்சு. பதினெட்டு வயசு. அவ்ளோதான். அந்த மெக்கானிக் வந்து சொன்னப்ப நான் பின்கட்டுல லென்ஸ் தேச்சிட்டுதான இருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?" என்று துண்டை உருவுகிறாள். "சொல்றதா இருந்தா என்னையும் சேத்து சொல்லுங்க. முன் வரிசையிலதான் உக்காந்திருப்பேன்."

ஆக எல்லாம் தெரிந்துதான் என் பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்திருந்தாள், மூன்று பிள்ளை பெற்றாள், நான் தூக்கத்தில் எண்களை முனகும்போது திரும்பிப் படுத்துக்கொண்டாள், தினமும் காலையில் இந்தக் கத்தியைத் தீட்டினாள்… என்னைக் கட்டிக்கொண்டது எதற்கு, வேறு யாரிடமும் வாய் தவறிவிடக் கூடாது என்றா, தண்டனையாகவா, யாருக்குத் தண்டனை? பாரம் பாதியாகக் குறைந்தது என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், கூட இன்னொருத்தி இருக்கிறாள், அவளை நினைத்து இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். பயமாக இருக்கிறது என்று அவன் இவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், என்னிடம் தேங்க்ஸ். நான் பக்கத்தைத் திருப்பி வைத்ததால் அவன் போகவில்லை, அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு இங்கேயே இருந்துவிடத் தயாராகத்தான் இருந்திருக்கிறான், இவள் வாயிலிருந்து வந்த இரண்டு சொல்லுக்குப் போயிருக்கிறான். அவன் உயிரோடு இருந்தபோதும் எல்லாம் இவளுக்குத்தான், செத்ததும் இவளுக்காகத்தானா?

சட்டையை விரித்துப் பிடிக்கிறாள், கையை நுழைக்கிறேன், பையில் தாள் மடிப்பு நெஞ்சில் குத்துகிறது. இவளையும் சேர்த்துச் சொல்வதா… மாட்டேன். இவளைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் மட்டும்தான் அவனைக் கொன்றேன் என்ற அந்த ஒன்றையும் இவளிடம் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு எப்படி உட்கார்ந்திருப்பது? தாளையே படித்துவிடலாம், எதிரியுடன் வீரமாகப் போரிட்டு… "பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க," என்று இவள் அவிழ்த்து மறுபடி மாட்டுகிறாள், நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன்.